ஒன்றும் வைக்காமல் பார்த்தால்

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தொண்டை மட்டும் சாயங்காலமானால் கட்டிக்கொள்கிறது. முப்பத்து நான்கு பேர் இருக்கும் எட்டாம் வகுப்பில் நாள் முழுக்கக் கத்தினால் வேறென்ன ஆகும். நீ எப்படி இருக்கிறாய்? மாமாவின் முழங்கால் வலி தேவலையா?

இந்தப் பள்ளிக்கு மாறி வந்து இரண்டு வாரம் ஆகிறது. இங்கே ஆய்வகம் என்று ஓர் அறை இருக்கிறது. அதன் சாவி தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. போய்க் கேட்டேன். "உள்ள ஒண்ணும் இல்லம்மா, ஒடஞ்ச பெஞ்சுதான் கெடக்கு" என்றார். திறந்து பார்த்தால் நிஜமாகவே உடைந்த பெஞ்சுதான் கிடக்கிறது. அதற்கு எதற்குப் பூட்டு என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

நேற்று ஒளியியல் பாடம் தொடங்கினேன். குவிலென்ஸின் குவியத் தொலைவு காணும் சோதனையைச் சொல்லுங்கள் என்றதும் வகுப்பே எழுந்து நின்று ஒப்பித்தது. நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று ஒரு புள்ளி பிசகவில்லை. முடிவு இருபது சென்டிமீட்டர். போன வருஷத்துப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன், அதிலும் இருபது. அதற்கு முந்தின வருஷமும் இருபது. "லென்ஸ நேர்ல பாத்தவங்க கை தூக்குங்க" என்றேன். ஒரு கை எழவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் மட்டும், "டீச்சர், உங்க மூக்கு மேல இருக்கே, அது என்ன?" என்று கேட்டாள். வகுப்பில் எல்லோரும் அவளைச் சந்தேகம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னுடையது குழிலென்ஸ், பாடத்தில் அது அடுத்த பக்கம். ஆனாலும் அவள் கேட்டது நியாயம்தானே.

அதனால்தான் உன்னிடம் கை நீட்டுகிறேன். நீ வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிப் பட்டறையில் கழித்துப்போடும் லென்ஸ்களை என்ன செய்கிறீர்கள்? ஓரம் உடைந்திருந்தாலும், கீறல் விழுந்திருந்தாலும் எனக்குப் போதும்.

அப்புறம் ஒன்று. எல்லார் வீட்டிலும் போன் இருக்கிறது, நீ ஏன் இன்னும் தபால்காரரை நம்பிக்கொண்டிருக்கிறாய்? நான் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை


ஜூலை 3

டீச்சரம்மாவுக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் மாமாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் நன்றாக ஓடுகிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. தொண்டைக்கு வெந்நீர் குடி. பிள்ளைகளைக் கத்தவிட்டு நீ சும்மா இரு, சரியாகிவிடும்.

போன் வேண்டாம். போனில் நீ கேள்வி மேல் கேள்வி கேட்பாய். கடிதமென்றால் பிடித்த கேள்விக்கு மட்டும் பதில் எழுதலாம்.

பன்னிரண்டு லென்ஸ் பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். எல்லாம் குவிலென்ஸ். மெல்லிய லென்ஸ்கள் இப்போது ரெடிமேடாக வந்துவிடுகின்றன, அவற்றை நாங்கள் அளப்பதில்லை. தடிமனானவற்றை மட்டும்தான் இங்கே தேய்க்கிறோம், தேய்த்ததெல்லாம் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்தப் பன்னிரண்டும் கீறல் விழுந்து கழித்தவை. பவர் சரியாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டி, நான் அளக்கிற மெஷினில் பார்த்த பவரையும் பக்கத்தில் சென்டிமீட்டரையும் எழுதியிருக்கிறேன். நூறைப் பவரால் வகுத்தால் சென்டிமீட்டர் வந்துவிடும். ஐந்து பவர் என்றால் இருபது. உங்கள் ரெக்கார்டு நோட்டுக்காரர்கள் ஐந்து பவர் கண்ணாடி போட்டவர்கள் போலிருக்கிறது.

என் சீட்டை நம்பி நீ பாடம் நடத்தலாம். அந்த மெஷினில் கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் ஒரு வளையம் உண்டு, பார்ப்பவர் கண்ணுக்குத் தகுந்தாற்போல் அதைத் திருகி வைக்க வேண்டும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே என் கண்ணுக்குச் சரியாக வைத்து, எவனும் தொடக் கூடாது என்று ஒரு சொட்டு அரக்கு வைத்து ஒட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அரக்கும் அசையவில்லை, நானும் அசையவில்லை.

மூக்கு மேல் இருப்பது என்ன என்று கேட்டவளுக்கு ஒரு லென்ஸ் கூடுதலாகக் கொடு.

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம், அங்கே நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். தொண்டை சரியாகிவிட்டது. நீ சொன்னது போலப் பிள்ளைகள்தான் இப்போது கத்துகிறார்கள்.

உடைந்த பெஞ்சுகளை நானும் பிள்ளைகளும் ஒரு பக்கமாக அடுக்கிவிட்டோம். ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றைச் சாக்கால் மூடினோம். எதிர்ச் சுவரில் வெள்ளைத் தாள். லென்ஸைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னேன். முதலில் தாளில் வெறும் மங்கலான வெளிச்சம்தான். பிறகு ஒரு பையன் சட்டென்று கையை நிறுத்தினான். வெளியே நிற்கும் தண்ணீர்த் தொட்டி, அதன் ஏணி, ஏணியில் காயப்போட்டிருந்த யாரோ ஒருவருடைய சட்டை, எல்லாம் தலைகீழாகத் தாளில் விழுந்திருந்தது. சட்டை காற்றில் ஆடியதும் தாளிலும் ஆடியது. அப்புறம் முப்பத்து நான்கு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

பிறகு ஸ்கேல் வைத்து அளந்தோம். உன் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் அதே எண். பன்னிரண்டிலும் அதே எண், அரை சென்டிமீட்டர் இங்கே அங்கே. உன் சீட்டு எங்கள் வகுப்பில் இப்போது வேதவாக்கு. அளந்த எண் சீட்டோடு ஒத்துப்போனால் பத்துக்குப் பத்து மதிப்பெண் என்று அறிவித்துவிட்டேன்.

சந்தேகம் ஒரு கேள்வி கேட்டாள். "லென்ஸ் சின்னதா இருக்கு, தொட்டி பெருசா இருக்கு. முழுத் தொட்டியும் எப்படி டீச்சர் உள்ள பூந்துச்சு?" நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளையும் வந்து போய்விட்டது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நன்றி அக்கா. இன்னும் இருந்தால் அனுப்பு.

தங்கை


செப்டம்பர் 5

டீச்சரம்மாவுக்கு,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. வேலை அப்படி. மற்றபடி இருவரும் சுகம். சொன்னால் நம்ப மாட்டாய், படிக்கிற கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் வெறுங்கண்ணால் ஊசியில் நூல் கோர்க்கிறேன். உன் மாமாவுக்கு ஒரே பொறாமை. உனக்கு முப்பத்தாறிலேயே சோடா புட்டி, எனக்கு வயசு பின்னால் போகிறது.

பட்டறையில்தான் தலைவலி. பழைய ஆள் வேலையை விட்டுப் போய், தேய்க்கிற மெஷினுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். காலையில் வந்தால் சாயங்காலம் வரை வாயைத் திறப்பதில்லை. நான் மௌனசாமி என்று பெயர் வைத்திருக்கிறேன். வாய்தான் இல்லை, கையாவது இருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. அவர் தேய்ப்பது எல்லாம் கால் பவர் குறைகிறது. கழித்துக் கழித்து எனக்குக் கை வலிக்கிறது. உனக்குத்தான் யோகம், பதினெட்டு லென்ஸ் அனுப்பியிருக்கிறேன்.

லென்ஸில் சிவப்புப் பென்சிலால் ஓர் எண் இருக்கும். அது அவர் எழுதியது, ஆர்டரில் கேட்ட பவர். அதைத் துடைத்துவிடு, பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். என் சீட்டுதான் கணக்கு.

இப்போதெல்லாம் பஸ் போர்டில் எண்களை எவ்வளவு சின்னதாக எழுதுகிறார்கள், பார்த்தாயா? உங்கள் பக்கமும் அப்படித்தானா?

அக்கா


செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கண்ணாடியைக் கழற்றிய கதையைப் படித்துச் சிரித்தேன். நான் சுகம். இங்கே பஸ் போர்டு எப்போதும் போலத்தான் இருக்கிறது. எதற்குக் கேட்கிறாய்?

இந்த முறை வகுப்பில் ஒரே ரகளை. பதினெட்டு லென்ஸிலும் பிள்ளைகளுக்கு உன் சீட்டை விடக் குறைவாக வந்தது. நீ இருபத்தொன்று என்று எழுதியதற்கு இருபது. கையை ஆட்டாதீர்கள், ஸ்கேலைச் சாய்க்காதீர்கள் என்று சத்தம் போட்டு மறுபடி அளக்கச் சொன்னேன். மறுபடியும் அதே குறைவு. "சீட்டுல இருக்கறது வர்ற வரைக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டு வேறொரு நோட்டைத் திருத்த உட்கார்ந்தேன். பத்தே நிமிஷத்தில் எல்லோருக்கும் சீட்டில் இருந்த எண்ணே வந்துவிட்டது. மேசை முழுக்க ரப்பர் தூள்.

சந்தேகம் மட்டும் இருபது என்றே எழுதிக் கொடுத்தாள். "எல்லாருக்கும் வந்தது உனக்கு மட்டும் ஏன் வரல?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் கொறச்சலாதான் டீச்சர் வந்துச்சு. அவங்க அழிச்சிட்டாங்க" என்றாள். அதிகப்பிரசங்கி என்று நினைத்துக்கொண்டு நாலு மதிப்பெண் போட்டேன். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். அந்த முகம் இன்னும் என் முன்னால் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்றுதான் தெரியவில்லை.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. சென்ற கடிதத்தில் ஊசி நூலைத் தவிர வேறொன்றும் இல்லை.

தங்கை


நவம்பர் 2

டீச்சரம்மாவுக்கு,

உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கிறேன். மாமாவும் நலம்.

நாலு மதிப்பெண் போட்டாயா? நானாக இருந்தால் முட்டை போட்டிருப்பேன். இருபத்திரண்டு வருஷமாக அளக்கிற எனக்கு, ஸ்கேலைப் பிடிக்கத் தெரியாத பிள்ளை பாடம் சொல்கிறதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மௌனசாமியின் கை இன்னும் மோசமாகிவிட்டது. கால் பவர் போய் இப்போது அரை பவர் குறைகிறது. நடுவில் கொஞ்ச நாளாக நான் போட்ட சத்தத்தில் சில லென்ஸ் சரியாக வருகிறது. திட்டினால்தான் வேலை நடக்கும் போலிருக்கிறது. ஆனாலும் அவர் வந்ததிலிருந்து கழித்தது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முதலாளி கையைப் பிசைகிறார். இந்த ஆள் சரிப்பட மாட்டார் என்று நான்தான் சொன்னேன். இந்த மாதக் கடைசியோடு அவரை நிறுத்திவிடுவதாக முடிவாகியிருக்கிறது. அவருக்கும் சொல்லிவிட்டார்கள். அதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

நாற்பது லென்ஸ் அனுப்புகிறேன். ஆளுக்கு ஒன்று வரும்.

என் மேசை விளக்குக்கு யாரோ புது பல்பு போட்டிருக்கிறார்கள், ஒரே கூச்சம். மாற்றச் சொன்னால் அதே பழைய பல்புதான் என்று சாதிக்கிறார்கள்.

அக்கா


நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நான் நலம். நீ நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

நாற்பது லென்ஸில் இரண்டு வழியில் உடைந்துவிட்டன. மீதி முப்பத்தெட்டையும் ஆளுக்கொன்றாக, நாலு பேருக்கு மட்டும் இரண்டாகக் கொடுத்து, சிவப்பு எண்ணைத் துடைக்கச் சொன்னேன். அளந்தார்கள். எல்லோருக்கும் உன் சீட்டை விடக் குறைவு. நான் வாயைத் திறப்பதற்குள் பாதிப் பேர் ரப்பரை எடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. நானல்லவா அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தேன். ரப்பர்களை எல்லாம் வாங்கி மேசையில் குவித்துவிட்டு, வந்ததை வந்தபடி கரும்பலகையில் எழுதச் சொன்னேன்.

ஒரு லென்ஸ், நீ எழுதியது இருபத்திரண்டு, எங்களுக்கு வந்தது இருபது. இன்னொன்று, நீ எழுதியது இருபத்தெட்டரை, எங்களுக்கு இருபத்தைந்து. வேறொன்று உனக்குப் பதின்மூன்றுக்கு மேல், எங்களுக்குப் பன்னிரண்டரை. வித்தியாசம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி, தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஸ்கேல் தப்போ என்று மூன்று ஸ்கேல் மாற்றிப் பார்த்தோம். பிறகு ஒரு பையன் எல்லாவற்றையும் பவராக மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டான். மாற்றினோம். முப்பத்தெட்டிலும் அரை பவர் வித்தியாசம். ஒரே அரை, ஒரே பக்கம்.

அப்போது சந்தேகம் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். துடைப்பதற்கு முன்னால் எல்லாருடைய சிவப்பு எண்ணையும் ஒவ்வொரு பெஞ்சாகப் போய் எழுதி வைத்திருக்கிறாள். "தொடைக்கத்தான சொன்னீங்க. எழுதக் கூடாதுன்னு சொல்லலையே" என்றாள். அந்தச் சிவப்பு எண்ணும் நாங்கள் அளந்ததும் ஒன்றுதான் அக்கா. முப்பத்தெட்டிலும்.

செப்டம்பர் லென்ஸ்களை மறுபடி எடுத்து அளந்தோம். அவற்றில் கால் பவர். ஜூலை மாதத்துப் பன்னிரண்டில் வித்தியாசமே இல்லை.

"கை தப்புன்னா ஒரு தடவ கூடும், ஒரு தடவ கொறையும். இது ஒரே பக்கமா போகுதே" என்றான் அந்தப் பையன். கடைசியில் சந்தேகம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "டீச்சர், அந்த மெஷின்ல ஒண்ணுமே வைக்காம பாத்தா என்ன காட்டும்?" பூஜ்யம் காட்ட வேண்டும் என்றேன். "காட்டுதான்னு அவங்க பாத்தாங்களா?"

நீ அரக்கு வைத்த வளையம் அசையவில்லை என்று எழுதியிருந்தாய். பஸ் போர்டும் விளக்கும் கூட மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் மாறியது என்ன என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது அக்கா. மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு தடவை, ஒன்றும் வைக்காமல் பார்.

தங்கை


டிசம்பர் 16

அக்காவுக்கு,

நான்கு வாரமாகத் தபால்காரர் என் வாசலைத் தாண்டிப் போகிறார். கோபமா? கோபமென்றால் திட்டி ஒரு வரி எழுது. உடம்பு சரியில்லை என்றால் மாமாவையாவது எழுதச் சொல்.

இங்கே ஒன்று செய்தேன். சந்தேகத்தை நிறுத்தி வைத்து, வகுப்பின் முன்னால், நாலு மதிப்பெண் போட்டது என் தப்பு என்று சொன்னேன். அவள் நெளிந்தாள். "பரவால்ல டீச்சர், எனக்குமே கொஞ்சம் டவுட்டாதான் இருந்துச்சு" என்றாள். இனி ரெக்கார்டு நோட்டில் ரப்பர் கிடையாது என்று சட்டம் போட்டிருக்கிறோம். தப்பென்று தெரிந்தால் பழைய எண்ணின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் புது எண், அதன் கீழே கையெழுத்து. முதலில் என்ன எழுதினோம் என்பது படிக்கத் தெரிய வேண்டும்.

ஒரு வரி போதும்.

தங்கை


ஜனவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

உன் மாமா நலம். என்னைப் பற்றி வரிசையாக எழுதுகிறேன்.

உன் கடிதம் நவம்பர் இருபத்திரண்டாம் தேதியே வந்தது. படித்தேன். மடித்து அலமாரியில், அந்தப் படிக்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைக் கூண்டில் ஏற்றுகிறார்களா என்று அவ்வளவு ஆத்திரம். ஒன்றும் வைக்காமல் பார் என்று எழுதியிருந்தாய். பார்க்க அரை நிமிஷம் ஆகும். எட்டு நாள் நான் பார்க்கவில்லை. தெரிந்துவிடுமோ என்ற பயம்தான். இப்போது அதை ஒளிக்கப் போவதில்லை.

முப்பதாம் தேதி சாயங்காலம் மௌனசாமி தன் துண்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "வரேம்மா" என்றார். நான் நிமிரவில்லை.

அடுத்த வாரம் அவருடைய தேய்க்கிற மெஷினில் முதலாளியின் தம்பி உட்கார்ந்தார். பத்து வருஷம் வெளியில் தேய்த்த கை. அவர் தேய்த்த முதல் லென்ஸும் அரை பவர் குறைந்தது. இரண்டாவதும் குறைந்தது. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஒன்றும் வைக்காமல் கண்ணை வைத்தேன். உள்ளே இருக்கும் கோடுகள் தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினால் பூஜ்யம் இல்லை, பூஜ்யத்துக்குக் கீழே அரை. மூன்று தடவை பார்த்தேன். பிறகு கத்தி எடுத்து அரக்கைச் சுரண்டினேன். முதலாளியைக் கூப்பிட்டு, வளையத்தை அவர் கண்ணுக்குத் திருகச் சொன்னேன். பூஜ்யம் வந்தது. நான் கழித்த லென்ஸை வைத்தார். சிவப்புப் பென்சில் எழுதியிருந்த அதே பவர். மெஷின் நின்ற இடத்தில்தான் நின்றது, என் கண்தான் நகர்ந்து போயிருக்கிறது.

மௌனசாமியைத் தேடி மூன்று நாள் அலைந்தேன். ஒரு பூட்டுக் கடையில் சாவி தேய்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை, உனக்குத் தெரியும். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக என்னிடம் நாலு வார்த்தை பேசினார். "நானே நம்பிட்டேம்மா. என் கை போயிடுச்சுன்னு. அதனாலதான் நடுவுல அரை பவர் சேத்துத் தேய்ச்சுப் பாத்தேன், உங்களுக்குச் சரியா வரட்டும்னு."

திட்டியதால் சரியாக வந்தது என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, அந்த லென்ஸ்கள் இவைதான். சரியான கையை நான் தப்பாக்கியிருக்கிறேன். அவை ஏழு பேர் மூக்கில் ஏறிவிட்டன. ஏழு பேரையும் தேடிப் பிடித்து மாற்றிக் கொடுத்தோம். ஓர் அம்மா மட்டும், கண்ணாடி போட்ட நாள் முதல் படிக்கட்டில் இறங்கப் பயமாக இருக்கிறது, வயசாகிவிட்டது என்று நினைத்தேன் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மௌனசாமி முதல் தேதியிலிருந்து பழைய மெஷினுக்கு வந்துவிட்டார். நாற்காலியில் இப்போதைக்கு முதலாளி உட்கார்கிறார். நான் சீட்டு ஒட்டுகிறேன்.

டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம். புரை கண்ணின் பவரையே மாற்றிவிடுமாம். கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டாம் என்று பெருமையடித்தேனே, அதுதான் முதல் அறிகுறியாம். பஸ் போர்டில் சின்னதாக எழுதுகிறார்கள் என்று எழுதியபோதே இரண்டு தடவை வேறு பஸ்ஸில் ஏறி எங்கேயோ போய் இறங்கியிருந்தேன். அதை உனக்கு எழுதவில்லை. பிப்ரவரியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் வா.

அந்தப் பெண்ணுக்கு முட்டை போடச் சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடு. ஒற்றைக் கோடு.

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நீ ஒரு வாரம் வந்து இருந்ததில் எனக்குப் பாதி பலம், உன் மாமாவுக்கு முழு பலம். நீ போன பிறகு அவர் சமையல்தான் சாப்பிடுகிறேன், இன்னும் உயிரோடு இருக்கிறேன். கண்ணில் சொட்டு மருந்து நாலு வேளை நடக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று எதிரே வரும் பஸ்ஸின் எண்ணைச் சத்தமாகப் படித்தேன். நடத்துனர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

உள்ளே வைத்திருக்கும் லென்ஸுக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். இருபத்தொன்றரை பவர் என்று போட்டிருக்கிறது. "இத யாரு அளந்தாங்க?" என்று கேட்டேன். "கம்பெனியில அளந்துதாம்மா அனுப்புறாங்க" என்று டாக்டர் சிரித்தார். மெஷினில் வைத்துப் பார்க்க முடியாத லென்ஸ் என் வாழ்க்கையில் இது ஒன்றுதான். நூறை இருபத்தொன்றரையால் வகுத்தால் நாலரை சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. என் கண்ணுக்குள் அத்தனை இடம் ஏது? அப்படியிருந்தும் எப்படித் தெளிவாகத் தெரிகிறது? சந்தேகத்திடம் கேட்டுச் சொல்.

நேற்று நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வளையத்துக்கு இனி அரக்கு கிடையாது. யார் உட்கார்ந்தாலும் முதலில் வளையத்தைத் திருகி, ஒன்றும் வைக்காமல் பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். இருந்தாலும் மறுபடி என்னை அங்கே உட்காரவைக்கலாமா என்று முதலாளி தயங்குகிறார். அவர் மேல் தப்பில்லை, எனக்கே என் மேல் தயக்கமாக இருக்கிறது.

அதனால் இருபது லென்ஸ் அனுப்புகிறேன். இந்த முறை சீட்டு ஒட்டவில்லை, சிவப்பு எண்ணும் இல்லை, ஒன்று முதல் இருபது வரை வரிசை எண் மட்டும்தான். நான் பார்த்த பவர்கள் தனி உறையில் ஒட்டி இருக்கின்றன. முதலில் பிள்ளைகள் அளக்கட்டும், பிறகு உறையைப் பிரி. உன் பிள்ளைகள் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்வது என்று முதலாளியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அக்கா ஆயிற்றே என்று நீ எதையும் மாற்றி எழுதக் கூடாது.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சொட்டு மருந்தை நிறுத்திவிடாதே.

நீ கேட்ட கண் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. "கண்ணுக்கு முன்னாடியே ஒரு வளைஞ்ச கண்ணாடி மாதிரி இருக்கே டீச்சர், அதுவும் லென்ஸ்தானோ?" என்று சந்தேகம் ஆரம்பித்திருக்கிறாள். விட்டுவிட்டேன். அவளாகவே போய்ச் சேரட்டும்.

உறையைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டு அளந்தோம். ஒவ்வொரு லென்ஸையும் மூன்று பேர் தனித்தனியாக அளந்தார்கள், ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்கவில்லை. உறையைக் கொண்டுவந்த தலைமையாசிரியர் போகாமல் நின்றுவிட்டார். பிரித்துப் படித்தேன்.

பதினாறு வரை ஒவ்வொன்றும் ஒத்துப்போனது. பதினேழாவது ஒத்துப்போகவில்லை. நீ ஐந்தரை எழுதியிருக்கிறாய், பிள்ளைகளுக்கு ஆறு. அதற்குப் பின் மூன்றும் சரி. நான் பிள்ளைகளைப் பார்த்தேன். அவர்களுக்கு உன் கதை முழுக்கத் தெரியும், இந்த எண்ணை வைத்து என்ன முடிவாகும் என்றும் தெரியும். ஒருவரும் ரப்பரைத் தேடவில்லை. சந்தேகம்தான் எழுந்து, "தப்பு நம்ம மேலயும் இருக்கலாம் டீச்சர், இன்னொரு தடவ பாத்துடலாம்" என்றாள். நான்கு தடவை பார்த்தோம். ஆறுதான்.

மாற்றி எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. பதினேழாவது லென்ஸைத் திருப்பி அனுப்புகிறேன். நீயே பார்.

தலைமையாசிரியர் போகும்போது ஆய்வகச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தங்கை


மார்ச் 20

டீச்சரம்மாவுக்கு,

முதலில் பதினேழு. பிள்ளைகள் சொன்னதுதான் சரி.

நடந்தது இது. பதினாறு வரை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன். இடையில் முதலாளி உட்கார்ந்து ஒரு லென்ஸ் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து, வளையத்தை என் கண்ணுக்குத் திருகாமல் பதினேழைப் பார்த்துவிட்டேன். பதினெட்டை எடுக்கும்போது ஞாபகம் வந்து திருகினேன். பதினேழை மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நானே போட்ட சட்டம், ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை.

உன் கடிதத்தை முதலாளிக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். பதினேழை விழுங்கவில்லை. இனி நாற்காலியில் இரண்டு பேர் என்றார் அவர். நான் பார்த்ததை மௌனசாமி பார்ப்பார், அவர் பார்த்ததை நான் பார்ப்பேன், எண்கள் ஒத்துப்போனால்தான் லென்ஸ் வெளியே போகும். திங்கட்கிழமையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். அவர் இப்போது ஒரு நாளைக்கு ஐந்தாறு வார்த்தை பேசுகிறார். பெரும்பாலும் "இன்னொரு தடவ பாருங்கம்மா."

பழைய ரெஜிஸ்டரையும் எடுத்தேன். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை அவர் பெயருக்கு எதிரே கழிவு என்று நான் எழுதியது எழுபத்தொரு இடம். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்றார் முதலாளி. வேண்டாம் என்று சொல்லி, உங்கள் வகுப்புச் சட்டப்படி எழுபத்தொன்றிலும் ஒற்றைக் கோடு போட்டு, சரி என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. மௌனசாமி பக்கத்தில் நின்று கடைசிக் கையெழுத்து வரை பார்த்தார். கோட்டுக்கு அடியில் நான் முதலில் எழுதியது நன்றாகவே தெரிகிறது.

உடம்பு தேவலை. மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டே உனக்கு விசாரிப்பு சொல்லச் சொல்கிறார். இடது கண்ணை அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

ஆபரேஷனுக்குப் பிறகு கிட்டத்தில் எழுத்து மங்குகிறது, வயசு திரும்பி வந்துவிட்டது. படிக்கிற கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியிருக்கிறது. ரெடிமேட் வேண்டாம் என்று மௌனசாமியே உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தார். இந்தக் கடிதத்தை அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மெஷினில் வைத்துப் பார்க்கவில்லை, அவர் கையிலிருந்து வாங்கி அப்படியே மாட்டிக்கொண்டேன்.

இதை மட்டும் சந்தேகத்திடம் சொல்லாதே.

அக்கா